அஃபர்வத் மலையில் பொடிப்பனி இறக்கம்: தேர்ந்தவர்களுக்கான அத்தியாயம்

இந்நூலின் முந்தைய அத்தியாயங்கள் பனிச்சறுக்கைப் புதிதாகக் கற்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இவ்வத்தியாயம் அவர்களுக்குரியதன்று. பேராவூரணியிலும் பட்டுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு வான்கூவருக்கும் கால்கரிக்கும் ஜூரிச்சுக்கும் சென்று, அங்கே பல குளிர்காலங்களைப் பனிமலைகளில் கழித்து, சமன்படுத்தப்பட்ட பாதைகளில் இனிக் கற்க வேண்டியது அதிகமில்லை என்ற நிலையை அடைந்துவிட்ட நம்மவர்களுக்காக இதனை எழுதுகிறேன். அவர்களுடைய அடுத்த ஆசை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: யாரும் மிதியாத புதுப்பனியில், முழங்காலும் தொடையும் புதையும் ஆழத்தில், செங்குத்தான சாய்வில் இறங்க வேண்டும். கனடாவில் அந்த ஆசையைப் பூர்த்தி செய்துகொள்ளும் வழிகளில் ஒன்று ஸ்னோகேட். இந்தியாவில் அதற்கு மிக நெருங்கிய வழி காஷ்மீரத்துக் குல்மார்க்கில் உள்ள அஃபர்வத் மலை. ஆழமான பனியும் செங்குத்தான சாய்வும் இரண்டிலும் உண்டு. ஆனால் முன்னதில் கட்டணத்தோடு சேர்ந்து வரும் பாதுகாப்பு, பின்னதில் பெரும்பாலும் உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. இந்த வேற்றுமையை நன்குணர்ந்தவர் அஃபர்வத்துக்குப் போகலாம். உணராதவர் எவ்வளவு சாமர்த்தியசாலியாயினும் போகலாகாது. இனிச் சொல்லப்போகிறவையெல்லாம் இதன் விளக்கமே.

வண்டியும் அதனுள் அடங்கிய ஏற்பாடும்

ஸ்னோகேட் என்பது அகன்ற சங்கிலிப் பட்டைகளின் மேல் ஊர்ந்து செல்லும் கனத்த எந்திர வண்டி. ஸ்கீ நிலையங்களில் இரவு நேரத்தில் பனியை அழுத்திச் சமன்படுத்த உபயோகமாவதும், அண்டார்க்டிகாவிலுள்ள நம் மைத்ரி நிலையத்தார் சாமான்களை இழுத்துச் செல்ல வைத்திருக்கும் பிஸ்டன்புல்லியும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. 1957-58இல் விவியன் ஃபுக்ஸ் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடந்தபோது அவரைச் சுமந்து சென்றவை டக்கர் நிறுவனத்து ஸ்னோகேட்டுகள். இத்தகைய வண்டியின் முதுகில் ஓர் அறையைப் பொருத்தி, பத்துப் பன்னிரண்டு பேரை அதில் அமர்த்தி, விசைத் தூக்கிகள் எதுவும் இல்லாத மலையின் உச்சிக்கு ஏற்றிச் சென்று, அவர்கள் பொடிப்பனியில் இறங்கிக் கீழே வந்து சேரும் இடத்தில் காத்திருந்து மறுபடியும் ஏற்றிச் செல்லும் தொழில் 1975இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் செல்கர்க் மலைகளில் தொடங்கிற்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1965இல், ஹான்ஸ் க்மோசர் அதே மாகாணத்துப் புகபூ மலைகளில் ஹெலிகாப்டரைக் கொண்டு இதனைத் தொடங்கியிருந்தார். ஆனால் ஹெலிகாப்டரின் செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை, மேகம் கவிந்த நாளில் அது பறப்பதுமில்லை. மூட்டத்திலும் பொழிவிலும் ஏறக்கூடிய ஸ்னோகேட்டுக்கு ஆதரவு பெருகியதன் காரணம் இதுதான். இன்று ஜப்பானின் ஹொக்கைடோத் தீவிலும், ஜார்ஜியாவின் பக்மாரோவிலும் இது நடைபெறுகிறது.

ஸ்னோகேட்டில் ஒரு நாள் கழித்தவர் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது இறக்கங்களையே. அந்த இறக்கங்களைச் சாத்தியமாக்கிய ஏற்பாட்டை அவர் கவனித்திருக்க மாட்டார். காலையில் வண்டி புறப்படுவதற்கு முன், பனியில் புதைந்தவர் இருக்குமிடத்தை அலைகளால் அறிவிக்கும் பீக்கன் கருவி ஒவ்வொருவரிடமும் பரிசோதிக்கப்பட்டது. புதைந்தவரைத் தேடியெடுக்கும் பயிற்சி நடத்தப்பட்டது. முன்னால் ஒரு வழிகாட்டியும் பின்னால் ஒரு வழிகாட்டியும் கம்பியில்லாப் பேச்சுக் கருவியோடு வந்தார்கள். அதே மலையைக் குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் பார்த்து, பனியைத் தோண்டி ஆராய்ந்து, இன்று எந்தச் சாய்வு ஆகும், எது ஆகாது என்பதை விருந்தினர் காப்பி அருந்துவதற்கு முன்பே அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வழிகாட்டியை முந்திச் சென்றவர் மரியாதையாக வண்டிக்குள் திருப்பி அனுப்பப்பட்டார். செலுத்திய கட்டணம் ஏற்றத்துக்கு மட்டுமென்று எண்ணுவது தவறு. மற்றவர்களுடைய விவேகத்தையும் அந்தக் கட்டணத்தில்தான் வாங்கினோம். இப்படிப் பழகிய ஒருவர் அஃபர்வத்துக்கு வரும்போது, தாம் அறியாமலே அந்த விவேகம் இங்கும் எங்கோ தமக்காக வேலை செய்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கையோடு வருகிறார். இங்கு அது வேலை செய்வது ஓர் எல்லை வரைக்குமே.

மலை

குல்மார்க்கில் பனிச்சறுக்கு நேற்று வந்ததன்று. ஆங்கிலேய அதிகாரிகள் 1927இலேயே அங்கே ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியாவை ஏற்படுத்தினார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1948இல் நம் இராணுவத்தின் பனிச்சறுக்குப் பள்ளி அங்கே தொடங்கி, பின்னர் உயர்மலைப் போர்ப் பள்ளியாக வளர்ந்தது. ஆனால் தேர்ந்த சறுக்குவோரை உலகெங்குமிருந்து இழுத்து வந்தது கொண்டோலா என்னும் கயிற்றுக் கூண்டு ஊர்தி. அதன் முதற்கட்டம் 1998இல் திறக்கப்பட்டது; 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்கிலிருந்து, 3,000 மீட்டரைச் சற்றே தாண்டிய கொங்டூரிக்கு அது ஏற்றுகிறது. 2005இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வத் முகட்டுக்கு அருகே, சுமார் 3,950 மீட்டர் வரை கொண்டுபோய் விடுகிறது. ஆக, ஒரே இறக்கத்தில் 1,300 மீட்டர் உயரம் இறங்கலாம். பனி அடிவாரம் வரை கிடக்கும் நாட்களில் மரங்களினூடே பாபாரேஷிக்கோ, திரங் கிராமத்துக்கோ, தங்மார்க்குக்கோ போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சுமோ வண்டியில் திரும்பினால் அதற்கும் அதிகம்.

மேல் நிலையத்தில் கூண்டை விட்டு இறங்கியதும் உங்களுக்கு முன்னால் விரிவது பௌல் என்று எல்லோராலும் அழைக்கப்படும் அகன்ற குழிவு. கொண்டோலாவின் கம்பிகளுக்குக் கீழும் அதன் இருபுறமும் உள்ள இப்பகுதியே ஸ்கீ பேட்ரோல் காவலர்களின் பராமரிப்பிலுள்ளது. பெரும் பொழிவுக்குப் பின் வெடி வைத்துத் தளர்ந்த பனியைச் சரித்துவிட்டு, திருப்தியான பிறகே இரண்டாம் கட்டத்தைத் திறப்பார்கள். சில சமயம் அது திறக்கப்பட நாட்கள் பிடிக்கும். வெகு தூரத்திலிருந்து வந்து, விடுமுறை கரைவதைக் கண்டு பொறுமையிழந்து, மூடிய மலையைப் பாதி உயரம் நடந்தேனும் ஏறிவிடுவோம் என்று கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது, அந்த நாட்களில் கொங்டூரிக்குக் கீழே மரங்களுக்கிடையே சாதுவான சாய்வுகளில் மிக நல்ல பனி கிடைக்கும், அதோடு திருப்தியடைக என்பதே.

பௌலின் எல்லைக்கு அப்பால், முகட்டின் வழியே இடமும் வலமுமாக நடந்து சென்றால், ஹபத்கூத், ஷார்க் ஃபின், சன்ஷைன் என்று பெயர் பெற்ற சாய்வுகளும் ஓடைப் பள்ளங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஸ்னோகேட் பிரதேசத்துக்கு ஒப்பான நிலம் இதுவே; முப்பது பாகைக்கு மேல், பல இடங்களில் நாற்பதைத் தொடும் சாய்வு; காற்று விலகி நிற்கும் மடிப்புகளில் ஆழமான பொடிப்பனி. ஆனால் இங்கே காவலர் இல்லை, வெடி இல்லை, எல்லை குறிக்கும் கயிறும் பலகையும் முடிந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கொண்டோலாவில் சீட்டு வாங்கிய எவரும் பத்து நிமிட நடையில் இவ்விடத்தை அடைந்துவிடலாம் என்பதே இதன் பெரும் அபாயம். முகட்டின் மறுபுறம் இன்னொரு காரணத்தினாலும் விலக்கத்தக்கது: எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு அத்திசையில் தூரத்தில் இல்லை; மூடுபனியில் திசை தப்பி அப்பக்கம் இறங்குவது பனியையும் விடப் பெரிய விபரீதத்துக்கு இடமாகும்.

பனியின் உள்ளமைப்பு

அஃபர்வத்தின் பனி மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனங்களால் விளைவது. மத்தியதரைக் கடற் பக்கத்தில் உருவெடுத்து ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து வரும் மேகங்கள் பீர் பஞ்சால் தொடரில் மோதி, இரண்டு மூன்று நாட்கள் இடைவிடாது கொட்டிவிட்டு விலகும். பிறகு தெளிந்த வானமும் கடுங்குளிரும் பல நாள் நீடிக்கும். பிறகு மீண்டும் பொழிவு. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாட்களைக் காஷ்மீரத்தார் சில்லைக் கலான் என்கிறார்கள். அதன் பிற்பகுதியும் பிப்ரவரி மாதமுமே பொடிப்பனிக்குச் சிறந்த காலம். மார்ச்சில் வெயில் ஏற ஏறப் பனி கனத்துவிடும்.

இடையில் வரும் அந்தத் தெளிந்த, குளிர்ந்த நாட்களில்தான் அபாயத்தின் வித்து விழுகிறது. பனிப்படலம் மெல்லியதாக இருக்கையில், அதன் அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ய பாகையிலும், மேற்பரப்பு பூஜ்யத்துக்கு மிகக் கீழும் இருக்கும். பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பாகைக்கு மேற்பட்ட வெப்ப வேற்றுமை அப்படலத்தில் ஏற்படுமானால், உள்ளே நீராவி மேல்நோக்கி நகர்ந்து, ஒட்டிக் கிடந்த பனித் துகள்களைப் பிணைப்பற்ற, சர்க்கரை போன்ற பருக்கைகளாக மாற்றிவிடுகிறது. அதன் மேல் அடுத்த பொழிவு விழுந்து, காற்றால் இறுகி, கெட்டியான பலகையாக அமர்கிறது. மேற்கிலிருந்து வீசும் காற்று முகட்டைத் தாண்டி, சறுக்குவோர் இறங்கும் இப்பக்கத்துச் சாய்விலேயே பனியைச் சேர்த்து வைப்பதால் அப்பலகை இங்கே விசேஷமாகத் தடிக்கிறது. நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்க அதிகச் சொற்கள் வேண்டியதில்லை: வாய்க்கால் கரை மேலே அருகம்புல் போர்த்து உறுதியாய் நிற்கும், உள்ளே நண்டு வளைகள் அதைத் துளைத்துவிட்டிருக்கும், நிறைதண்ணீர் ஓடும் அன்று ஒருவன் கால் வைத்த இடத்தில் கரை துண்டாகப் பெயர்ந்து போகும். சரியும் பனிப்பலகையில் அகப்பட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருடைய விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டது அவர்களுடைய பாரமோ, அவர்களோடு வந்தவருடைய பாரமோதான்.

பலகைச் சரிவுகள் பெரும்பாலும் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகை வரையுள்ள சாய்வுகளிலேயே பிறக்கின்றன. முப்பத்தெட்டை ஒட்டி அவை மிகுதி. தேர்ந்த சறுக்குவோருக்கு மிகப் பிரியமான சாய்வும் அதுவே என்பதை நினைத்துப் பாருங்கள். திறமை வளர வளர ஒருவர் அபாயத்தின் மையத்தை நோக்கியே நகர்கிறார். கால்களின் தேர்ச்சி அங்கே அவருக்கு எந்தச் சலுகையையும் பெற்றுத் தருவதில்லை.

இம்மலையின் அண்மைச் சரித்திரம் இதற்குச் சாட்சி. 2010 பிப்ரவரி 8 அன்று உயர்மலைப் போர்ப் பள்ளியில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வீரர்கள் மேல் பனி சரிந்து 17 பேர் மாண்டார்கள். அவர்கள் மலைக்குப் பழகாதவர்களல்லர். 2023 பிப்ரவரி 1 அன்று ஹபத்கூத்தில் போலந்து நாட்டுச் சறுக்குவோர் இருவர் உயிரிழந்தனர். உடன் அகப்பட்ட மற்றவர்கள் மீட்கப்பட்டனர். 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் பனியின்றி வறண்டு கிடந்தது. மாதக் கடைசியிலும் பிப்ரவரியிலும்தான் பெரும்பனி வந்தது. பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பக்கத்தில் நேர்ந்த சரிவில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். வறண்ட தொடக்கமும் பின்வந்த பெரும் பொழிவும் சேர்ந்த அத்தகைய குளிர்காலத்தில் ஒவ்வொரு சாய்வின் மேலும் இரட்டிப்புச் சந்தேகம் கொள்வது தகும். பனிச்சரிவைத் தமிழர்களுக்கு அந்நியமான விஷயமென்று எண்ணுவதற்கும் இடமில்லை: 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனி மூடிய மதராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்களில் நம் மாநிலத்தாரும் இருந்தார்கள்.

ஆகையால் மலையில் கால் வைத்தது முதல் சில குறிகளை இடைவிடாது கவனிக்க வேண்டும். அதே திசை நோக்கிய, அதே அளவு செங்குத்தான வேறொரு சாய்வில் புதிதாகச் சரிந்த தடம் தென்பட்டால், அதைவிடத் தெளிவான சாட்சியம் வேறு வேண்டியதில்லை. நடக்கும்போது பனி அடியில் அமுங்கி ‘உம்ப்’ என்று முழங்குவதும், ஸ்கீயின் முனையிலிருந்து கீறல் ஓடுவதும் அதே தரத்தவை. இவற்றில் எதைக் கண்டாலும் முப்பது பாகைக்குக் குறைந்த சாய்வுக்குத் திரும்பிவிட வேண்டும், விவாதம் கூடாது. ஒரே நாளில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் விழுந்த புதுப்பனி, முகட்டிலிருந்து புகைபோல் எழும் காற்றடித்த பனி, திடீரென்று ஏறும் வெப்பம் ஆகியவை எச்சரிக்கைகள். ஆனால் குறிகள் ஒன்றும் காணாமையைப் பத்திரத்துக்கு அத்தாட்சியாகக் கொள்ளலாகாது. புதைந்து கிடக்கும் பருக்கைப் படலம் வாரக்கணக்கில் ஓசையின்றிக் காத்திருக்கும்.

பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த டி.ஜி.ஆர்.ஈ. நிலையம் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. பாரமுல்லா மாவட்டத்துக்கு உரியதை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். எனினும் அது ஒரு மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. நீங்கள் நிற்கும் சாய்வைப் பற்றியதன்று. அதன் பின் ஸ்கீ பேட்ரோல் அலுவலகத்துக்கு நேரில் சென்று கேளுங்கள். ஐந்து படிகள் கொண்ட சர்வதேச அளவுகோலில் மூன்றாவது படியை நடுத்தரம் என்று எண்ணி ஆறுதலடைபவர் பலர். சறுக்குவோரின் மரணங்களில் பெரும் பங்கு நேர்வது அந்த மூன்றாம் படி அறிவிக்கப்பட்ட நாட்களில்தான்.

கூட்டமும் இறக்கமும்

ஸ்னோகேட்டில் கிடைத்த ஏற்பாட்டை இங்கே நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்றேன். அதன் முதல் அங்கம் உள்ளூர் வழிகாட்டி. தங்மார்க் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறையாக இம்மலையை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் போட்டியிட்ட ஆரிஃப் கான் அப்பகுதியைச் சேர்ந்தவரே. ஆனால் நன்றாகச் சறுக்கும் ஒவ்வொருவரும் வழிகாட்டியாகிவிடுவதில்லை. அமர்த்துவதற்கு முன் கேளுங்கள்: கடந்த பத்து நாட்களாக மலையில் இருந்தாரா, பனிச்சரிவு மீட்பில் எங்கே பயிற்சி பெற்றார், ஷவலும் துழாவுகோலும் பேச்சுக் கருவியும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் உண்டா, சென்ற வாரம் எந்தச் சாய்வை வேண்டாமென்று விட்டார். கடைசிக் கேள்விக்கு விடையில்லாதவரை அமர்த்தாதீர்கள். கூலியில் பேரம் பேசி, குறைந்த தொகைக்கு வருபவரைத் தேடுவது இவ்விஷயத்தில் பெரும் பிழை. திரும்பிவிடலாம் என்று சொல்லும் வழிகாட்டிக்கு அன்றைய கூலியை முழுதாகக் கொடுப்பதோடு, கொடுப்பதாகக் காலையிலேயே சொல்லியும் வையுங்கள். கூலி போய்விடுமோ என்ற கவலை அவருடைய தீர்ப்பைக் கெடுக்க விடலாகாது.

கூட்டம் நான்கைந்து பேருக்கு மேற்பட வேண்டாம். அக்கூட்டத்தில் எவர் ‘வேண்டாம்’ என்றாலும் காரணம் கேளாமல் எல்லோரும் திரும்ப வேண்டும் என்ற உடன்பாட்டைக் கூண்டில் ஏறும் முன்பே செய்துகொள்ளுங்கள். அண்ணன் தம்பி, மைத்துனன், உடன் படித்தவன் என்று உறவு கலந்த நம் கூட்டங்களில் இது எளிதன்று. மூத்தவர் இறங்கத் துணிந்தால் இளையவர் வாய் திறக்கமாட்டார். ஆகவே மூத்தவரே முதலில் இளையவனை அழைத்து, “தம்பி, உனக்குச் சரியென்று படாவிட்டால் சொல்லிவிடு, நாம் இறங்க வேண்டாம்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வது உசிதம்.

செங்குத்துச் சாய்வில் ஒரு சமயத்தில் ஒருவரே இறங்க வேண்டும். மற்றவர்கள் பனி சரிந்தாலும் எட்டாத மேட்டிலோ, அடர்ந்த மரங்களின் பின்னோ நின்று அவரை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். நடுச்சாய்வில் நின்று இளைப்பாறுவதும், ஓடைப் பள்ளத்தின் வாயில் காத்திருப்பதும் கூடா. பள்ளத்தில் வந்து சேரும் பனி பரவ இடமின்றி ஆழமாகக் குவியும்; சிறிய சரிவும் அங்கே ஆளை மூடிவிடும்.

இறங்கும் முறையில் உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப்போவதில்லை; மறக்கக்கூடிய இரண்டொன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். ஆழமான பனியில் பின்னால் சாய்ந்துகொள்ளத் தோன்றும்; அது தொடைகளை வாட்டி, திருப்பத்தை இழுத்தடிக்கும். எடை நடுவிலும், இரு ஸ்கீக்களின் மேல் சமமாகவும் இருக்கட்டும். இடை அகலம் நூறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, முனை மேல்நோக்கி வளைந்த ஸ்கீக்கள் தாமே மிதந்துவிடும். நாற்பது பாகையை நெருங்கும் சாய்வில் நீங்கள் கிளப்பிவிட்ட மேற்பனி உங்கள் பின்னாலேயே ஓடி வரும். நேர்கீழாகவே இறங்கினால் நான்காவது ஐந்தாவது திருப்பத்தில் அது உங்களைப் பிடித்துக் கீழே தள்ளும். ஆகையால் சில திருப்பங்களுக்கொரு முறை பக்கவாட்டில் ஒரு மேட்டு விளிம்பின் மேல் விலகி, அதைக் கடந்துபோக விட்டுப் பின் தொடருங்கள். மரங்களுக்கிடையே வேறொரு அபாயம்: தாழ்ந்த கிளைகள் கொண்ட ஊசியிலை மரங்களின் அடியில் பனி இறுகாமல் குழியாக நிற்கும், தலைகீழாக அதில் விழுந்தவர் தாமே வெளிவருவது அரிது. காட்டுக்குள் இருவர் இருவராக, ஒருவர் கண்ணில் மற்றவர் பட, கூப்பிடு தூரத்தில் செல்க. கைத்தடிகளின் வார்களை மணிக்கட்டில் மாட்டாதீர்கள்.

உபகரணமும் ஊரிலேயே செய்யத்தக்க பயிற்சியும்

பீக்கன், துழாவுகோல், ஷவல் ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றவை. பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும், மூன்று ஆண்டெனா கொண்ட தற்கால வகையாக இருக்கட்டும். கைப்பேசியை அதிலிருந்து ஒரு சாணுக்கு அப்பால் வையுங்கள். தேடும்போது அணைத்தே விடுங்கள். துழாவுகோல் 240 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், ஷவல் உலோகத்தாலும் அமைய வேண்டும். காற்றுப்பை கொண்ட முதுகுப்பை புதைவதைக் குறைக்கும். அழுத்தவாயுக் குப்பி கொண்டதை விமானத்தில் கொண்டுசெல்ல விமானக் கம்பெனியின் முன் அனுமதி வேண்டும், அப்போதும் சோதனையில் தகராறு வருவதுண்டு. மின்விசிறியால் நிரம்பும் வகை இதற்கு மேல்.

புதைந்தவர்களில், முதல் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் பிழைக்கிறார்கள். அரைமணி கடந்தால் மூன்றில் ஒரு பங்கினர்கூடப் பிழைப்பது கடினம். கீழேயிருந்து மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் இந்தக் காலம் முடிந்துவிடும். ஆகவே உங்களை உயிரோடு எடுக்கக்கூடியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நண்பர்கள் மட்டுமே. சரிந்து நின்ற பனி இறுகிவிடும். அதன் ஒரு கனமீட்டர் முந்நூறு கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தோண்டுவதும் தேர்ச்சி வேண்டிய வேலை.

அத்தேர்ச்சியைப் பெறப் பனி வேண்டியதில்லை என்பதே நான் மகிழ்ச்சியோடு சொல்லக்கூடிய செய்தி. மேட்டூர் அணை மூடியிருக்கும் மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களில், கல்லணைக் கால்வாயாகிய புதாற்றின் கிளைகள் நம் ஊர்ப் பக்கத்தில் வறண்டு மணலாய்க் கிடக்கும். கோடை விடுமுறையில் ஊருக்கு வருபவர் ஒருவர், பீக்கனை இயக்கி, ஒரு சாக்குப் பையில் சுற்றி, அங்கேயோ சொந்தத் தென்னந்தோப்பின் மணலிலோ மற்றவர்கள் அறியாமல் ஒரு முழ ஆழத்தில் புதைக்கட்டும். மற்றவர்கள் ஐம்பது மீட்டர் தூரத்திலிருந்து தேடத் தொடங்கட்டும். குறி கிட்ட நெருங்கியதும் பீக்கனைத் தரையை ஒட்டிப் பிடித்து, எண் மிகக் குறையும் புள்ளியைக் கண்டு, அங்கிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு ஒரு குத்தாகச் சுழல் வட்டத்தில் துழாவுகோலைச் செலுத்தி, தட்டுப்பட்டதும் கோலைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, சாய்வில் அதற்குக் கீழ்ப்பக்கமாகச் சற்று விலகி நின்று அதை நோக்கித் தோண்ட வேண்டும். இருவர் மாறி மாறித் தோண்டட்டும். ஒருவர் மண்ணை வெட்ட, பின்னவர் அதை வாரித் தள்ளட்டும். தேடுவதும் கண்டெடுப்பதும் நாலைந்து நிமிடத்துக்குள் முடியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு இரண்டு பீக்கன்களைப் புதைத்துச் செய்யுங்கள். மலையில் முதலில் திறக்க வேண்டியது புதைந்தவரின் முகமும் மூச்சும்; உடல் முழுவதையும் வெளியெடுப்பது அதன் பின்.

கால்களுக்கும் மூச்சுக்கும் திருச்சி மலைக்கோட்டையின் நானூறுக்கு மேற்பட்ட படிகள் போதுமானவை. ஏறுவதைவிட, பாரம் சுமந்து நிதானமாக இறங்குவதே தொடைகளுக்கு உரிய பயிற்சி.

பிரயாணம்

திருச்சியிலிருந்து சென்னை, டில்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானத்தில் செல்வது வழக்கமான வழி. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலும் ஓடுவதால், நீண்ட ஸ்கீ உறைகளோடு வருவோருக்கு அதுவும் சௌகரியமே. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பனி விழுந்த நாட்களில் தங்மார்க்கில் இறங்கி, சக்கரங்களில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாறி, கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டர் ஏற வேண்டும். வெளி மாநிலத்து முன்கட்டணக் கைப்பேசி எண்கள் ஜம்மு காஷ்மீரில் இயங்கா. பின்கட்டண எண் வேண்டும். கனடாவிலிருந்து வருபவர்கள் முக்கியமாகக் கவனிக்க: அங்கே மலையேறுவோர் சாதாரணமாக வைத்திருக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளை இந்தியாவுக்குள் உரிமமின்றிக் கொண்டுவருவது குற்றம், அதன் பொருட்டுக் கைதானவர்கள் உண்டு. சாதாரணப் பயணக் காப்பீடு, எல்லைக்கப்பால் சறுக்குவதை விலக்கியிருக்கும்; ஷரத்துகளை வாசித்துப் பார்த்துத் தகுந்ததை வாங்குங்கள்.

பேராவூரணி கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். அங்கிருந்து புறப்பட்டவர் மூன்றாம் நாளே 3,950 மீட்டரில் நின்றால், அங்கே அவருக்குக் கிடைக்கும் பிராணவாயு ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதமே. ஸ்ரீநகரில் ஓரிரவும், குல்மார்க்கில் இரண்டிரவும் தங்கி, முதல் நாள் முதற்கட்டத்தோடு நின்று, பிறகே மேலே செல்க. தலைவலியும் குமட்டலும் இருக்கையில் ஏறாதீர்கள். தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கையிலும் மூச்சுத் திணறலோ கண்டால் அந்நேரமே கீழே இறங்குவதுதான் சிகிச்சை. ஆகாரத்தில் நம்மவர்க்குக் கஷ்டமில்லை. காஷ்மீரத்தார் சோறு உண்பவர்கள். இரவில் அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பையோ காங்கிரிச் சட்டியையோ, காற்று புகாமல் அடைத்த அறையில் வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். கரிவாயு ஓசையின்றிக் கொல்லும்.

குறைந்தது எட்டு நாட்களேனும் குல்மார்க்கில் தங்கும்படி திட்டமிடுங்கள். மூன்று நாள் விடுப்பில் வருபவருக்கு, மலை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும், அவசரமே ஆலோசகராகிவிடுகிறது. இரண்டாம் கட்டத்தில் ஏறத் தொடங்கியபின் முதல் இரண்டு நாட்கள் பௌலுக்குள்ளேயே சறுக்கி, பனியின் போக்கையும் உடன்வந்தவர்களின் போக்கையும் அறிந்து, வழிகாட்டியின் சம்மதத்தோடு மூன்றாம் நாள் எல்லையைத் தாண்டலாம். மணலில் செய்ய வேண்டிய பயிற்சியைச் செய்யாமலே குல்மார்க்குக்கு வந்து சேர்ந்துவிட்டீர்களானால், உங்கள் ஸ்கீத் திறமை எத்தகையதாயினும், அந்தப் பிரயாணத்தில் கயிற்றைத் தாண்டாதீர்கள். அடுத்த குளிர்காலத்தில் தயாராகி வாருங்கள்.